மருந்து தேடிக் கடல் கடந்தவர்

உயிர் இரசாயனம் பயிலும் மாணவர் எவரும் ஒரு நீல நிறத்தை மறக்க மாட்டார். பாஸ்பேட்டு கலந்த நீரைச் சோதனைக் குழாயில் எடுத்துக்கொண்டு, அமிலத்தோடு அம்மோனியம் மாலிப்டேட்டைச் சேர்த்து, அதன் பின்னர் வேறொரு மருந்தைச் சில துளி விட்டால், தெளிந்த நீர் மெல்ல மெல்ல நீலம் பூக்கும். பாஸ்பேட்டு மிகுந்தால் நீலம் மிகும், குறைந்தால் வெளிறும். நீலத்தின் அழுத்தத்தை அளந்து பாஸ்பரசின் அளவைச் சொல்லிவிடலாம். முதுகலை முதலாண்டில் இச்சோதனையைப் பத்துப் பன்னிரண்டு முறையேனும் நான் செய்திருப்பேன். ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டின் தலைப்பில் பிஸ்கே - சுப்பாராவ் முறை என்று எழுதினேன். எழுதினேனே தவிர, அந்தச் சுப்பாராவ் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. யாரோ ஒரு ராவ், எங்கோ ஒரு பேராசிரியர், அவ்வளவுதான்.

கேட்க வைத்தது என் தாயார் உண்ணும் ஒரு மாத்திரை.

எங்கள் வீடு தாராவியில், தொண்ணூறடிச் சாலையிலிருந்து உட்புறம் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையை விட்டுத் தாத்தா காலத்தில் இங்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். அம்மா இட்லி அவித்து விற்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால்தான் ஆறரை மணிக்குள் அண்ணன் பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆரனை அமுக்கியபடியே புறப்பட முடியும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் கண்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் ஒருவர் (பெயர் இங்கு வேண்டா) இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார். ஒன்று மெட்பார்மின், மற்றொன்று கிளிபென்கிளமைடு. இரண்டாவது மாத்திரையை விழுங்கினால் உடனே உணவு கொள்ள வேண்டும் என்று எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வேலை மிகுதியால் ஒன்றும் உண்ணாமல் நின்றவள், எட்டு மணி அளவில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என் பெயரைச் சொல்லவும் தெரியாமல் சுவரோடு சாய்ந்துவிட்டாள். அடுத்த வீட்டு அத்தை ஓடி வந்து நாவில் சர்க்கரையைத் தடவி, பிறகு சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முதலில் அவள் கேட்டது, இட்லிப் பானையில் தண்ணீர் வற்றிவிட்டதா என்பதே!

நோயைத் தணிக்கக் கொடுத்த மருந்தே ஆளைச் சாய்ப்பானேன்? உயிர் இரசாயனம் படிக்கும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை என்பது வெட்கமாக இருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து தேடினேன். தேடிய வழியெல்லாம் அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்னும் ஒரு பொருளில் வந்து முடிந்தது. நாங்கள் சுருக்கமாக ஏ.டி.பி. என்போம். அதனை முதன்முதலில் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர் யார் என்று பார்த்தேன். ஜெர்மனியில் லோமன், ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவில் பிஸ்கேயும் சுப்பாராவும், ஆண்டு 1929. என் குறிப்பேட்டில் இருந்த அதே சுப்பாராவ்! மாத்திரையின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த மனிதரைப் பார்ப்போம்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. குழந்தைகள் பலர், வருவாயோ குறைவு. தெலுங்கருக்குத் தமிழ்ச் சங்க மலரில் என்ன இடம் என்று கேட்கும் நண்பர் சிலர் இருக்கக்கூடும். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பையும், மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் உயர் படிப்பையும் முடித்தவரை நாம் அயலார் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அம்மாவின் நாவில் சர்க்கரை தடவிய அத்தையும் தெலுங்குக்காரிதான்.

பிள்ளைப் பருவத்தில் அவர் படிப்பில் சிறந்தவர் அல்லர். பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். எதற்கு? காசிக்குச் சென்று, யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் ஈட்டுவதற்கு! தாய் விடவில்லை, பிடித்து இழுத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தார். மெட்ரிக்குலேஷன் தேர்வில் தவறினார், மறுபடியும் தவறினார், மூன்றாம் முறையே தேறினார். இடையில் தந்தையும் காலமானார். தாயின் நகைகள் மகன் படிப்புக்காகப் போயின. இவ்வளவும் பட்ட தாய்க்கு மகன் கொடுக்க எண்ணிய பரிசு என்ன தெரியுமா? இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடுவது என்று அவர் உறுதி கொண்டார். தாய் மறுத்தார். தாயின் இசைவு இன்றிச் சேர்க்க மடத்தாரும் விரும்பவில்லை. மருத்துவம் படித்து நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று வழி காட்டினர். காவி உடுத்தப் போனவர் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

அது காந்தியடிகளின் காலம். அன்னியத் துணியை விலக்கும் இயக்கம் நாடெங்கும் பரவியது. சுப்பாராவ் அறுவை மருத்துவ அறைக்குக் கதர் அங்கி அணிந்து சென்றார். அறுவை மருத்துவப் பேராசிரியரான பிராட்பீல்டு என்னும் ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும், சுப்பாராவுக்கு முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை அரசின் மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் இல்லை. ஒரு முழக் கதர் துணி ஒருவருடைய வாழ்க்கையை எந்தத் திசைக்கெல்லாம் திருப்பிவிடுகிறது, பாருங்கள். அன்று அவர் விரும்பியபடி பட்டமும் வேலையும் கிடைத்திருந்தால், கோதாவரிக் கரையிலே ஒரு நல்ல அரசாங்க டாக்டராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். கதரை விலக்கச் சொன்னவருக்கு நாம் நன்றி கூற வேண்டுமா, கூடாதா என்று எனக்கே விளங்கவில்லை.

வேலையின்மையினும் கொடிய துன்பம் ஒன்று அந்தக் குடும்பத்தைத் தாக்கிற்று. ஸ்புரூ என்று ஒரு நோய் உண்டு. வெப்ப நாடுகளுக்கே உரியது. உண்ட உணவு உடலில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்கு வெந்து சிவக்கும், இரத்தம் வற்றும், மனிதன் எலும்பாகித் தேய்வான். அந்நோய்க்குச் சுப்பாராவின் உடன்பிறந்தோர் இருவர் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் பலியாயினர். மருத்துவம் படிக்கும் தம்பி வீட்டில் இருந்தும் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏனெனில் அதற்கு மருந்தே இல்லை. பின்பு சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. சென்னையில் புகழ் பெற்றிருந்த ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவரைக் காத்தார். அந்த லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராக அவர் அமர்ந்தார். மேல்நாட்டு மருத்துவம் படித்துவிட்டு ஆயுர்வேதத்தால் உயிர் பிழைத்தவர் அவர். நம் மூலிகைகளின் குணத்தை நவீன முறையில் ஆராய வேண்டும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. அதற்குக் கருவியும் பயிற்சியும் கடலுக்கு அப்பால் இருந்தன.

1919-இல் அவருக்குச் சேஷகிரி என்னும் பெண்ணோடு திருமணம் ஆகியிருந்தது. மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி பொருள் உதவினார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் உதவியது. படித்துத் திரும்பும் எண்ணத்தோடு, இருபத்தெட்டு வயதளவில், கருவுற்றிருந்த இளம் மனைவியை விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பாஸ்டன் நகரில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கையில் காசு இல்லை. அவருடைய இந்தியச் சான்றிதழைக் கொண்டு அங்கே மருத்துவராகவும் வேலை பார்க்க இயலாது. பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராக அமர்ந்து, நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவினார். பகலில் படிப்பு, இரவில் இப்பணி. மருத்துவம் கற்ற ஒருவர் இதைச் செய்தாரே என்று சிலர் இரங்குவர். எனக்கு இரக்கம் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பட்டம் பெற்றுவிட்டு இரவில் காவல் வேலை பார்த்துக்கொண்டே படிப்போர் மூவர் இருக்கின்றனர். ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பவனுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் இப்படித்தான்.

அதன்பின் அவர் உயிர் இரசாயனத் துறையில் சைரஸ் பிஸ்கே என்பாரிடம் சேர்ந்தார். உடலின் நீர்மங்களிலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை விரைவாகவும் பிழையின்றியும் அளக்க ஒரு முறை வேண்டும் என்பதே அங்கிருந்த வேலை. 1925-இல் அம்முறை வெளிவந்தது. நான் தொடக்கத்தில் சொன்ன நீலம் அதுதான். நூறு ஆண்டு கடந்தும் கற்பிக்கப்படுகிறது. கருவி செய்தவனே அக்கருவியைக் கொண்டு புதையலையும் தோண்டினான் என்பது போல, அந்த நீலத்தைத் துணையாகக் கொண்டு இருவரும் தசைக்குள் தேடினர். 1927-இல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் அதனைக் கண்டனர். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் நிலைநாட்டியிருந்த கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ.டி.பி. கிடைத்தது.

ஏ.டி.பி. என்றால் என்ன? தாராவிக்காரனாக நான் சொல்லும் விளக்கம் இது. நாம் உண்ணும் சோறும் இட்லியும் பெரிய நோட்டுகள். உயிரணு அவற்றைக் கொண்டு நேரே எதையும் வாங்க முடியாது. மாற்றிச் சில்லறையாக்க வேண்டும். அந்தச் சில்லறை ஏ.டி.பி. கண் இமைப்பதற்கும், இதயம் துடிப்பதற்கும், இதை நான் எழுதுவதற்கும் அந்தச் சில்லறையே செலவாகிறது. உயிரணு அதைச் சேமித்து வைப்பதுமில்லை. அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவழிக்கும் கூலிக்காரன் அது. புல் முதல் யானை வரை எல்லா உயிருக்கும் இந்த நாணயம் ஒன்றே. இப்பேர்ப்பட்ட பொருளைக் கண்டவரில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதை என் வகுப்பில் நாற்பது பேரில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

1930-இல் அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஆர்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி மட்டும் கிடைக்கவேயில்லை. அவர் தனித்துப் பிரித்தெடுத்த வேறு சில பொருள்களைப் பிஸ்கே பொறாமையால் வெளிவர விடவில்லை என்றும், அவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறு சிலர் புதிதாகக் கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும், அதே ஆய்வகத்தில் உடன் பயின்று 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சுப்பாராவ் இதைப் பற்றி எவரிடமும் வழக்காடியதாகத் தெரியவில்லை. இது பெருந்தன்மை என்று பலர் எழுதியிருக்கின்றனர். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அன்னிய நாட்டில், குடியுரிமை இல்லாதவன், ஆசிரியனோடு சண்டை பிடித்து எங்கே போவான்?

இவ்விடத்தில் இன்சுலின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். 1921-22-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் அவர் கூட்டாளிகளும் இன்சுலினைக் கண்டனர். அதற்கு முன் நீரிழிவு முற்றியவருக்குப் பட்டினி ஒன்றே வைத்தியம். பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட் என்னும் மருத்துவர் 1921-இல் நீரிழிவுக்கு ஆளாகி, உணவைச் சுருக்கிச் சுருக்கி மெலிந்துகொண்டிருந்தார். 1923-இல் இன்சுலின் வந்து அவரைக் காத்தது. பிழைத்த மைனாட் சும்மா இருக்கவில்லை. உயிரைக் குடிக்கும் ஒரு வகை இரத்தசோகைக்கு ஈரல் உணவே மருந்து என்று மர்பி என்பாரோடு சேர்ந்து 1926-இல் காட்டினார். 1934-இல் நோபல் பரிசு பெற்றார். ஈரலில் உள்ள அந்த மருந்துப் பொருள் எது? சுப்பாராவும் அதே பாஸ்டனில் அந்தத் தேடலில் இறங்கினார். நீரிழிவு மருந்து ஒரு மனிதரைக் காத்தது. அம்மனிதரின் கண்டுபிடிப்பு வேறொரு மனிதருக்கு வழி காட்டியது. மருந்துகளின் வரலாறு இப்படிச் சுற்றி வளைத்துத்தான் நடக்கிறது.

1940-இல் ஆர்வர்டை விட்டு, நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார்; விரைவில் அதன் ஆராய்ச்சிக்குத் தலைவரானார். அங்கே அவருக்கு ஆளும் பொருளும் கிடைத்தன. ஈரலில் தேடிய பொருளை அவர் அடையவில்லை. அது பி-12 என்னும் வைட்டமின். 1948-இல் வேறிடத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் தேடிய வழியில் மற்றொன்று அகப்பட்டது. அதுவே போலிக் அமிலம். 1945-இல் அவருடைய குழுவினர் அதனைச் செயற்கையாகச் செய்து முடித்தனர்.

போலிக் அமிலத்தின் வேர் நம் பம்பாயில் இருக்கிறது என்பதை இதைத் தேடும்போதுதான் அறிந்தேன். லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கொடிய இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். கிருமி ஒன்றும் அகப்படவில்லை. உணவுக் குறைவே காரணம் என்று அம்மையார் கண்டார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்டுச் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் பிழைத்தனர்! 1931-இல் அதை வெளியிட்டார். ஈஸ்டில் இருந்த பெயர் தெரியாத அப்பொருள் வில்ஸ் காரணி என்று நெடுங்காலம் வழங்கியது. அதுவே போலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. பரேலில் ஹாப்கின் நிலையத்தைக் கடந்து நான் எத்தனை முறை பேருந்தில் போயிருக்கிறேன்! அந்த வளாகத்தில் அந்த அம்மையாரும் பணி செய்தார் என்பது எனக்குத் தெரியாமற் போயிற்று. இன்று கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது அதுவே.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவர் சிட்னி பார்பர் இரத்தப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். போலிக் அமிலம் இரத்த அணுக்களைப் பெருக்குமானால், அதைப் போலவே உருவம் கொண்டு அதற்கு எதிராக வேலை செய்யும் பொருளால் புற்றணுக்களை அடக்கலாமே என்பது எண்ணம். சுப்பாராவின் ஆய்வகம் அத்தகைய பொருள்களைச் செய்து அனுப்பியது. அவற்றில் அமினாப்டெரின் என்பதைக் கொடுத்ததும் சில குழந்தைகள் எழுந்து நடமாடினர். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்குக் குணம் தெரிந்தது என்று 1948 ஜூனில் பார்பர் வெளியிட்டார். அக்குணம் நிலைக்கவில்லை, நோய் திரும்பிற்று. ஆயினும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வணங்கும் என்பது அன்றே முதன்முறையாகத் தெரிந்தது. அமினாப்டெரினின் உடன்பிறப்பாகிய மெத்தோடிரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது.

இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற முதிய தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கரைச் சுப்பாராவின் ஆய்வகம் வேலைக்கு வைத்துக்கொண்டது. எழுபது வயதைக் கடந்தவர் அவர். பல ஊர் மண்ணை வருவித்துச் சோதித்துக்கொண்டே இருந்தார். மிசூரி மாநிலத்து மண்ணில் பொன்னிறக் கிருமி ஒன்று கிடைத்தது. அது சுரந்த மருந்தே ஆரியோமைசின், 1948-இல் வெளிவந்தது, டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. மற்றொன்று ஹெட்ரசான் என்னும் யானைக்கால் நோய் மருந்து, 1947-இல் வெளிவந்தது. கும்பகோணத்துப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்கு யானைக்கால் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. அந்நோயை ஒழிக்க அரசு ஊழியர் வீடு வீடாகக் கொண்டுவந்து விழுங்கச் சொல்லும் டி.இ.சி. மாத்திரை இதுவேதான்.

இனி அந்த ஸ்புரூ நோய்க்கு வருவோம். சுப்பாராவின் உடன்பிறந்தோர் இருவரைக் கொன்றது அது. அதற்கு இன்று மருத்துவர் கொடுக்கும் சிகிச்சை யாது? போலிக் அமிலமும் டெட்ராசைக்கிளினும்! ஒன்று அவருடைய குழுவினர் செயற்கையாகச் செய்தது. மற்றொன்று அவருடைய ஆய்வகத்துப் பொன்னிற மருந்தின் வழி வந்தது. இதனைப் பாடநூலில் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்புரூவை மட்டுமே குறிவைத்து வேலை செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவன் அதை மறந்திருப்பான் என்றும் நான் நம்பவில்லை.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓர் இரவு உறங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. வயது ஐம்பத்து மூன்று. அமெரிக்கக் குடியுரிமை அவர் பெறவே இல்லை. ஆய்வுக் கட்டுரைகளில் தம் பெயரை முன்னே நிறுத்தியவரும் அல்லர். பதினாறு பேர் பெயரோடு வெளிவந்த போலிக் அமிலக் கட்டுரையில் அவர் பெயர் மற்றவர் பெயர்களுக்கு இடையில் நிற்கிறது. 1953-இல் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தனர். 1995-இல் இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. பூஞ்சையும் தபால் தலையும்! வேறு நாட்டில் பிறந்திருந்தால் ஊருக்கு ஒரு சிலை நின்றிருக்கும். சினிமாக்காரருக்கு வைக்கிறோமே!

அம்மாவின் மாத்திரைக்கு வருகிறேன். கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. சாதாரண நேரத்தில் அவை திறந்திருக்கும். பொட்டாசியம் வெளியே சென்றவண்ணம் இருக்கும். நாம் உண்டதும் சர்க்கரை உள்ளே புகுந்து எரிந்து ஏ.டி.பி. ஆகிறது. சில்லறை மிகுந்ததும் வாயில் மூடிக்கொள்கிறது. உடனே உயிரணுவின் மின்னழுத்தம் மாறிக் கால்சியம் உள்ளே பாய்கிறது. இன்சுலின் வெளியே கொட்டுகிறது. வீட்டுக்குச் சோறு வந்துவிட்டது என்று கணையத்துக்குச் சொல்லும் தூதன் ஏ.டி.பி.யே. கிளிபென்கிளமைடு என்ன செய்கிறது? சோறு வந்தாலும் வராவிட்டாலும் அதே வாயிலைத் தானே இழுத்து மூடிவிடுகிறது. கணையம் ஏமாந்து இன்சுலினைக் கொட்டுகிறது. இரத்தத்தில் இருக்கும் சிறிது சர்க்கரையும் மறைகிறது. அன்று அம்மா சுவரோடு சாய்ந்தது இதனால்தான்.

இம்மருந்துகளின் பிறப்பே அப்படிப்பட்டது. 1942-இல் பிரான்சு நாட்டு மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்பா மருந்து ஒன்றை ஜான்போன் என்னும் மருத்துவர் கொடுத்தார். நோயாளிகள் சர்க்கரை குன்றி மயங்கினர். சிலர் இறந்தும் போயினர். அந்தத் தீமையையே லுபாத்தியேர் என்பவர் ஆராய்ந்து நீரிழிவுக்கு மருந்தாக்கும் வழியைக் காட்டினார். 1950-களின் நடுவில் டால்புட்டமைடும், 1960-களின் இறுதியில் கிளிபென்கிளமைடும் கடைக்கு வந்தன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பது அப்போது எவருக்கும் தெரியாது. ஏ.டி.பி.யால் மூடும் அந்த வாயிலை 1983-இல் நோமா என்னும் ஜப்பானியர் இதயத்தில் கண்டார். மறு ஆண்டு அது கணையத்திலும் காணப்பட்டது. 2004-இல் இங்கிலாந்தின் எக்சீட்டர் நகரத்து ஆய்வாளர் ஒன்றைக் கண்டனர். பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் குழந்தைகள் சிலருக்கு இந்த வாயிலின் மரபணுவில் பிழை இருக்கிறது. வாயில் மூட மறுக்கிறது. வாழ்நாள் முழுதும் ஊசி என்றிருந்த அக்குழந்தைகளில் பலர், வாயிலை மூடும் பழைய மாத்திரையை உண்டு ஊசியை விட்டுவிட்டனர். சென்னையிலும் அவ்வாறு மாறிய குழந்தைகள் உண்டு. மற்றொரு மாத்திரையான மெட்பார்மினும் உயிரணுவின் அந்தச் சில்லறைக் கணக்கிலேயே கை வைக்கிறது என்கின்றனர். அதன் முழுக் கதை இன்னும் முடியவில்லை. இந்தியாவில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான கணக்கு சொல்லுகிறது. முடியாத கதைகளுக்கு ஆள் தேவைதான்.

இப்போது அம்மா முதலில் இரண்டு இட்லி உண்டுவிட்டே மாத்திரையைத் தொடுகிறாள். மருத்துவரிடம் நானும் சென்று பேசி அளவையும் குறைத்தாயிற்று.

சுப்பாராவின் கதையை ஒரு நாள் இரவு, உளுந்து ஊறிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குச் சொன்னேன். வாழைப்பழம் விற்க ஓடியதைக் கேட்டுச் சிரித்தாள். மலசலப் பாத்திரம் கழுவியதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பின் ஒன்றே ஒன்று கேட்டாள்: விட்டுப் போன அந்தப் பெண் என்ன ஆனாள்? பிறந்த குழந்தை பால்மணம் மாறும் முன்பே இறந்துவிட்டது. கணவர் ஒரு முறையும் திரும்பி வரவில்லை. சேஷகிரி அம்மாள் காத்திருந்தார். அவர் இறந்த செய்திதான் வந்தது. இதை நான் சொன்னபோது அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். களைந்த நீரை வாசலில் கொட்டிவிட்டு வந்து, எனக்கு அயல்நாட்டு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்க எந்த நாள் கடைசி என்று கேட்டாள்.

இம்மாதம் முப்பதாம் நாள் என்றேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கின்றன. பெங்களூரிலும் நம் பம்பாயிலுமே இத்துறையில் இரண்டு இடங்கள் உள்ளன. அவற்றின் விண்ணப்பங்களையும் எடுத்து வைத்திருக்கிறேன்.